எல்லைப்புற ஓபியில் வளரிளம் பிள்ளைகளின் மனநலம்: மருத்துவர், நர்ஸ், கவுன்சலருக்கு ஒரு வருடத் தொடர்கல்வி வழிகாட்டி

தேனி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய கம்பத்தில் விடிகாலை நாலரைக்கே ஜீப்புகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடும். ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு ஏறுகிற பெண்கள் தூக்குவாளியும் துண்டுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மலை இறங்கி வீடு வந்து சேர சாயங்காலம் ஆறாகும். அதுவரை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ட்யூஷன், செல்போன். பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்று லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமைதான் கிளினிக்குக் கூட்டி வருவார்கள்.

அப்படி வந்தவள் ஒரு பத்தாம் வகுப்புப் பெண். மூன்று மாதத்தில் நாலு தடவை வந்தாள். வயிற்றுவலி. பூச்சி மாத்திரை கொடுத்தேன், அசிடிட்டிக்குப் பேண்டோப் கொடுத்தேன், ஸ்கேன் எடுக்கச் சொன்னேன், எல்லாம் நார்மல். ஐந்தாவது தடவை, பிபி பார்க்க அவள் சட்டைக் கையை மேலே ஏற்றிய எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் என்னைக் கண்ணாலேயே கூப்பிட்டார். முழங்கைக்குக் கீழே பிளேடு கீறல்கள், காய்ந்ததும் காயாததுமாக வரிசையாக. முந்தைய நாலு தடவையும் நான் கேள்வி கேட்டது அவளுடைய அம்மாவிடம். பதில் சொன்னதும் அம்மாதான். அதே வருடம் வளரிளம் பருவ மனநலம் பற்றி ஒரு முழுநாள் சிஎம்இ (தொடர் மருத்துவக் கல்வி) கூட்டத்தில் உட்கார்ந்து, மதியம் பிரியாணி சாப்பிட்டு, சான்றிதழும் வாங்கி வந்திருந்தேன்.

அந்தக் கூட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே சொன்னதெல்லாம் சரியானதுதான், எனக்கும் புரிந்தது. ஆனால் புரிந்தது எதுவும் என் ஓபி மேசை வரை வந்து சேரவில்லை. வந்து சேரும்படி படிப்பது எப்படி என்று நாங்கள் சில பேர் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், சின்ன ஊரில் கிளினிக் வைத்திருப்பவர், ஸ்டாஃப் நர்ஸ், பள்ளிக் கவுன்சலர், தனியாகப் பணிபுரியும் உளவியலாளர் எல்லோருக்கும் பொருந்தும். மனநல மருத்துவர்கள் இதைப் படித்தால், எங்கள் கைக்கு எட்டாத இடம் எது என்று அவர்களுக்குத் தெரியவரும்.

ஒரே ஒரு கணக்கு. 2015-16ல் மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. 40 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஏறத்தாழ மூன்று பேர். அந்த மூன்று பேரும் முதலில் தலைவலி, வயிற்றுவலி, கிறுகிறுப்பு என்று நம்மிடம்தான் வருகிறார்கள்.

படி 1: பழைய பத்துப் பிள்ளைகளைப் புரட்டுங்கள்

எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று தேடுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். கடைசியாகப் பார்த்த 10 முதல் 19 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரின் கேஸ் ஷீட்டை எடுங்கள். தேடி எடுக்க வேண்டாம், வரிசையாகக் கைக்கு வந்த பத்து. ஒரு நோட்டில் ஆறு கட்டம் போடுங்கள்: என்ன தொந்தரவு என்று வந்தது, எத்தனையாவது தடவை, பிள்ளையோடு தனியாகப் பேசினேனா, தூக்கமும் பசியும் படிப்பும் பற்றிக் கேட்டேனா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிக் கேட்டேனா, அடுத்து எப்போது வரச் சொன்னேன்.

என் நோட்டில் மூன்றாவது கட்டமும் ஐந்தாவது கட்டமும் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருந்தன. நான் படிக்க வேண்டிய பாடம் எது என்று அந்த நோட்டே சொல்லிவிட்டது. உங்கள் நோட்டில் வேறு கட்டம் காலியாக இருக்கலாம். பக்கத்து ஊர் உளவியலாளர் ஒருவருக்குத் தனியாகப் பேசுவதெல்லாம் கைவந்த கலை. அடுத்த வருகைக்குத் தேதி கொடுப்பதுதான் அவரிடம் விட்டுப்போயிருந்தது. அவருக்கும் எனக்கும் ஒரே பாடத்திட்டம் வைத்தால் இருவரில் ஒருவர் தூங்கிவிடுவார்.

படி 2: சொற்களைச் சேகரியுங்கள்

எல்லைப்புறத்தில் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடையாது.

மலைக்கு மேலே கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்துவிட்டு, பாட்டி வீட்டுக்கு வந்து எங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்ந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். என்னடா தம்பி செய்யுது என்று கேட்டால், "எனக்கு எப்பவும் விஷமம் சார்" என்றான். கூட வந்த பாட்டி சிரித்துவிட்டார். "ஆமா டாக்டரய்யா, வெஷமக்காரப் பயதான், ஒரு எடத்துல உக்கார மாட்டான்." பையன் தலையைக் குனிந்துகொண்டான். மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். அவன் அழுகையைச் சொன்னான், நாங்கள் சேட்டை என்று கேட்டுக்கொண்டோம்.

இப்படி இன்னும் உண்டு. சங்கடம் என்றால் நமக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நெளிவது, அவர்களுக்குத் துக்கம். பேடி என்றால் நமக்கு வசவு, அவர்களுக்குப் பயம். "பேடியா இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது பதற்றக் கோளாறின் முதல் வாக்கியமாக இருக்கக்கூடும். உடும்பன்சோலை, பீர்மேடு பக்கமிருந்து வரும் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் இந்த மூன்று சொல்லையாவது சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். திருத்தணி, சித்தூர் பக்கம் வேலை பார்ப்பவர்கள் தெலுங்குக்கு இதேபோல் ஒரு பட்டியல் போட வேண்டும்.

தமிழிலேயே பேசும் பிள்ளைகளின் சொற்களையும் விடாதீர்கள். "ஒரு மாதிரியா இருக்கு", "எதுவும் பிடிக்கல", "கடுப்பா வருது", "நெஞ்சு படபடன்னு அடிக்குது." ரீல்ஸ் பார்த்துப் பழகிய பிள்ளைகள் "டிப்ரஷன் சார்" என்று நேராகவே சொல்கிறார்கள். சிரிக்கவும் வேண்டாம், அப்படியே எழுதிக்கொள்ளவும் வேண்டாம், "டிப்ரஷன்னா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். இந்த வயதில் மனச்சோர்வு சோகமாகத்தான் வர வேண்டும் என்றில்லை, எரிச்சலாகவும் வரும். வாசலில் நின்று அப்பாவைக் கத்தும் பையனைத் திமிர் பிடித்தவன் என்று ஊரே சொல்லும். அவன் தூக்கத்தையும் பசியையும் ஒருவராவது விசாரிக்க வேண்டும்.

கைக்கயிறையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பயந்துவிட்டாள் என்று திருநீறு போட்டிருப்பார்கள், மந்திரித்துக் கயிறு கட்டியிருப்பார்கள். "இந்தக் கயிறு எப்ப கட்டுனீங்கம்மா?" என்று மரியாதையாகக் கேட்டால் நோய் தொடங்கிய மாதம் சரியாகக் கிடைக்கும். நம்மைவிட முன்னாலேயே குடும்பம் கவனித்திருக்கிறது என்பதற்கு அந்தக் கயிறு சாட்சி. கழற்றச் சொல்லாதீர்கள்.

படி 3: தனியாகப் பேசும் நேரத்தை ஒத்திகை பாருங்கள்

ஹெட்ஸ் என்று ஒரு நேர்காணல் முறை உலகெங்கும் வளரிளம் பருவத்தினருக்குப் பயன்படுகிறது. வீட்டில் தொடங்கி, படிப்பு, பொழுதுபோக்கு, போதைப் பழக்கம், பாலுறவு, கடைசியில் தற்கொலை எண்ணம் என்று எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை. வரிசையை மனப்பாடம் செய்ய அரைமணி நேரம் போதும். வாய் பழகுவதற்குத்தான் மாதங்கள் ஆகும். படிப்பதை நிறுத்திவிட்டு நடித்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

முதல் சிக்கல் அம்மாவை வெளியே அனுப்புவது. எங்கள் குழுவில் ஐந்தாறு விதமாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் நிலைத்த வாக்கியம் இது: "அம்மா, இந்த வயசுப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் கொஞ்ச நேரம் தனியாப் பேசுறது எங்க வழக்கம். நீங்க வெளிய பெஞ்சில உக்காருங்க, அப்புறம் மூணு பேரும் சேர்ந்து பேசுவோம்." எல்லார்கிட்டயும் என்ற சொல்தான் இதில் முக்கியம். அது இல்லாவிட்டால் என் பிள்ளையிடம் என்ன கோளாறு கண்டுவிட்டார் என்று அம்மா மிரண்டுபோவார். பார்ப்பவர் ஆண் மருத்துவராகவும் வந்திருப்பது பெண்ணாகவும் இருந்தால் ஸ்டாஃப் நர்ஸ் அறையில் இருக்கட்டும்.

அடுத்தது ரகசியம். இதை வளவளவென்று சொன்னால் பிள்ளை நம்பாது. "நீ சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் பாப்பா. மூணே விஷயத்துல மட்டும் அப்படி இருக்க முடியாது: உன் உயிருக்கு ஆபத்துன்னா, இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா, யாராவது உங்கிட்ட தப்பா நடந்திருந்தா. அப்பவும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் அடுத்தவங்ககிட்ட பேசுவேன்."

ஒத்திகையில் நான் மருத்துவர், ஸ்டாஃப் நர்ஸ் பதினைந்து வயதுப் பெண். முதல் தடவை நடந்தது இப்படி:

"வீட்ல யார் யாரு இருக்கீங்க?"

"அம்மா, தம்பி."

"அப்பா?"

பதில் இல்லை.

"சரி, ஸ்கூல்ல எப்படிப் போகுது?"

அவர் நடிப்பை நிறுத்திவிட்டார். "சார், அப்பான்னு கேட்டதும் நான் பேசாம இருந்தேன்ல, அங்கதான கதை இருக்கு. நீங்க பயந்துக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடிட்டீங்க." உண்மைதான். மௌனம் வந்தால் அடுத்த கேள்விக்குத் தாவுவது என் பழக்கம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபது வருட அனுபவத்தில் யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. சொல்கிற இடத்தில் யாரும் இருந்ததில்லை. இரண்டாம் தடவை பத்து விநாடி சும்மா இருந்துவிட்டு, "அப்பாவைப் பத்திப் பேச வேணாம்னா பரவால்ல, அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொன்னேன். பத்து விநாடி எவ்வளவு நீளம் என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

போதைப் பழக்கம் பற்றி நேராகக் கேட்டால் இல்லை என்றுதான் வரும். "உங்க கிளாஸ்ல பசங்க கூல் லிப் வெக்கிறாங்களா?" என்று (உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம் அது) மற்றவர்களில் தொடங்கி, "உன் ஃப்ரெண்ட்ஸ்?", "நீ ட்ரை பண்ணியிருக்கியா?" என்று உள்ளே வாருங்கள். காதல், உடலுறவு பற்றிக் கேட்கவும் இதே வழிதான்.

படி 4: சாவைப் பற்றிக் கேட்கப் பழகுங்கள்

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை; கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை, பெரும்பாலும் பிள்ளைக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. பயம் விதைப்பதைப் பற்றியே அல்ல என்று நான் நினைக்கிறேன். ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் அறுபது பேர் காத்திருக்கும் ஓபியில் அடுத்து என்ன செய்வது என்ற பயம் அது. ஆகவே கேள்வியையும் அடுத்த அரைமணி நேரத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கேள்விகளைப் படிக்கட்டாக அடுக்குங்கள். "இதெல்லாம் எதுக்கு, தூங்கி எந்திரிக்காமலே போயிட்டா தேவலன்னு தோணியிருக்கா?" பிறகு, "சாகணும்னு நெனச்சிருக்கியா?" பிறகு, "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா? முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணியிருக்கியா?" கடைசியாக, "இன்னைக்கு, இப்ப, அந்த எண்ணம் இருக்கா?" நம் ஊரில் "செத்துருவேன்" என்பது பேச்சு வழக்கு என்று தள்ளிவிடுவதும் தவறு, ஒவ்வொரு தடவையும் ஆம்புலன்ஸ் கூப்பிடுவதும் தவறு. எது என்று பிரித்துக்காட்டுவது இந்தப் படிக்கட்டுதான்.

ஆமாம் என்று வந்தால் அன்றைக்கே பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும். ஸ்டேன்லி, பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் வகுத்த ஆறு பகுதித் தாள் எளிது: எண்ணம் வரப்போகிறது என்பதன் அறிகுறி, தானே செய்து தணிக்கக்கூடியது, மனதைத் திருப்பும் ஆளும் இடமும், உதவி கேட்கக்கூடிய உறவினர், தொழில்முறை உதவி எண்கள், வீட்டை ஆபத்தில்லாமல் ஆக்குவது. பிள்ளையின் கையெழுத்தில், பிள்ளையின் சொற்களில் இருக்க வேண்டும். மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆறாவது பகுதியை அப்பா அம்மாவோடு சேர்ந்து செய்ய வேண்டும். திராட்சைத் தோட்டம் உள்ள வீட்டில் கட்டிலுக்கடியில் பூச்சிமருந்து டப்பா இருக்கும், எங்கள் பள்ளத்தாக்கில் அது சாதாரணம். "மருந்தை வீட்ல வைக்காதீங்க" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினால் எதுவும் நடக்காது. எந்த ஷெட்டில், எந்தப் பூட்டு, சாவி யார் இடுப்பில் என்று கேட்டு, தாத்தாவின் மாத்திரை டப்பாவையும் அதே பூட்டுக்குள் சேர்த்து, மறுநாள் போன் போட்டுச் செய்துவிட்டார்களா என்று விசாரியுங்கள். 2021ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தற்கொலைத் தடுப்பு வழிகாட்டியின் நான்கு முக்கிய நடவடிக்கைகளில் உயிரை மாய்க்க உதவும் பொருட்களைக் கைக்கெட்டாமல் செய்வது ஒன்று, வளரிளம் பருவத்தினருக்கு உணர்வுகளைக் கையாளும் திறன் வளர்ப்பது இன்னொன்று.

இந்தப் பாடத்தை மார்ச், ஏப்ரலில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட், அதையடுத்து நீட் ரிசல்ட். ரிசல்ட் வந்த பிறகு கூட்டம் போட்டு என்ன பயன்?

படி 5: அளவுகோலும் மாத்திரையும்

இவற்றில் சீக்கிரம் தேறிவிடலாம். மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 கேள்வித்தாளின் வளரிளம் பருவ வடிவமும், உணர்வு, நடத்தைச் சிக்கல்களைப் பார்க்கும் 25 கேள்விகள் கொண்ட எஸ்டிக்யூ-வும் தெரிந்தால் போதும். எஸ்டிக்யூ-வை 11 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தாங்களே நிரப்பலாம். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தனித் தாள் உண்டு. மூன்று தாளும் ஒத்துப்போகாதபோதுதான் விஷயமே. மதிப்பெண்ணைப் பார்த்து நோயின் பெயர் எழுதாதீர்கள். மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் பிஹெச்க்யூ-வில் சாவு எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு ஒரு பிள்ளை பூஜ்ஜியம் தவிர வேறு எதைப் போட்டிருந்தாலும் படி 4க்குப் போங்கள். வெயிட்டிங் ஹாலில் அம்மா எட்டிப் பார்க்க நிரப்பிய தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

மாத்திரை விஷயத்தில், மனநல நிபுணர் அல்லாதவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் தந்த எம்ஹெச்கேப் வழிகாட்டியின் நிலைப்பாடு தெளிவானது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை நம் மட்டத்தில் தொடங்கக் கூடாது. அதற்கு மேல் 18 வரை, பேச்சு வழிச் சிகிச்சை கொடுத்தும் குறையாவிட்டால், நிபுணர் மேற்பார்வையில் ஃப்ளூயாக்ஸடின் மட்டும். தொடங்கினால் முதல் நான்கு வாரமும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். வயது குறைந்தவர்களுக்கு இந்த மருந்துகள் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று 2004ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை (அவர்களுடைய மிகக் கடுமையான எச்சரிக்கை) போட்டது இதற்காகத்தான். தூக்கமில்லை என்று வந்த பிள்ளைக்கு அல்ப்ராஸோலம் என்ற அமைதியூட்டும் மாத்திரையை எழுதும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி மருத்துவர்கள் கூடும் இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டும்.

படி 6: சட்டத்தில் நான்கு இடம்

முழுச் சட்டமும் வேண்டாம், நான்கு இடங்களைத் திரும்பத் திரும்பப் படியுங்கள்.

போக்சோ சட்டம், 2012. பிரிவு 19ன்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கலாம் என்று அஞ்சினாலோ காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் பிரிவு 21ன்படி ஆறு மாதம் வரை சிறை. ரகசியம் காப்பேன் என்று முதலிலேயே அளவுக்கு மீறி வாக்குக் கொடுத்துவிட்டு இங்கே மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். அதனால்தான் படி 3ல் அந்த மூன்று விதிவிலக்கு. எஃப்ஐஆர் போடும்வரை மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்கிறது பிரிவு 27. பதினாறு, பதினேழு வயதில் காதலித்துக் கருவுற்று வரும் பெண்களுக்கும் இதே சட்டம்தான். ஆனால் 2022 செப்டம்பர் 29ல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்காக வரும் மைனரும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் தரும் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டியதில்லை என்று சொன்னது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் மருத்துவரிடம் போகும் பெண் பிழைத்துக்கொள்வாள். தெரியாதவர் திருப்பி அனுப்பினால் அவள் எங்கே போவாள் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

குற்றம் மலையில் நடந்திருக்கும், பிள்ளை நம்மிடம் வந்திருக்கும். "அது கேரளா ஸ்டேஷன் சார்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173, எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் புகாரைப் பதிய வழி செய்கிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. பிரிவு 87: மைனரை உள்நோயாளியாகச் சேர்ப்பது விதிவிலக்கான நிலையில் மட்டும், பெரியவர்களோடு அல்லாமல் தனி இடத்தில், காப்பாளரோ அவர் நியமிப்பவரோ கூடவே இருக்க, 72 மணி நேரத்துக்குள் மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் கொடுத்து. பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "தெரியாம குடிச்சிட்டா" என்று சொல்லும் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொன்னால் உண்மை வெளியே வரும்.

படி 7: எங்கே படிப்பது

கோர்ஸுக்கு இப்போதுதான் வருகிறோம். மருத்துவர்கள் ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி முடிக்க வேண்டும் என்று 2002ம் ஆண்டு நெறிமுறை விதிகளே சொல்கின்றன. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த உளவியலாளர்களுக்கும் சிறப்பாசிரியர்களுக்கும் சிஆர்இ என்ற தொடர்கல்விப் புள்ளிகள் உண்டு. எப்படியும் செலவழிக்க வேண்டிய நேரம், படி 1ல் காலியாக இருந்த கட்டத்துக்குச் செலவழியுங்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸின் டிஜிட்டல் அகாடமி, மருத்துவர், நர்ஸ், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று தனித்தனியாக இணையவழிப் பயிற்சி தருகிறது. அங்கேயே குழந்தை, வளரிளம் பருவத் துறையின் சம்வாத் என்ற அமைப்பு, நெருக்கடியில் உள்ள குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கானது. போக்சோ வழக்குப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று கற்க அதுவே பொருத்தம். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையம் 1957லிருந்து குடும்பத்தையும் நோயாளியோடு தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம். பாட்டி, பெரியப்பா, சித்தி என்று கூட்டமாக வரும் நம் குடும்பங்களை எப்படிக் கையாள்வது என்பதை அங்கே போய் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்த்தாலே போதும். சென்னையில் 1984ல் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், இளவயதில் தொடங்கும் மனச்சிதைவுக்கு. 1986ல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா, தற்கொலைத் தடுப்புக்கு. பணம் செலவழிக்க முடியாதவர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் எம்ஹெச்கேப் வழிகாட்டியை இலவசமாக இறக்கி, குழந்தை, வளரிளம் பருவ அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்துக்கொள்ளலாம்.

சேருவதற்கு முன் நடத்துபவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் கேஸைக் கொண்டுவந்து பேச முடியுமா? நேர்காணலை நடித்துக் காட்டித் திருத்துவார்களா? முடிந்த பிறகு மூன்று மாதம் கழித்துத் தொடர்பு உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றால் அங்கே கிடைக்கப்போவது பிரியாணி. முடிந்தால் உங்கள் ஸ்டாஃப் நர்ஸையும் சேர்த்து அனுப்புங்கள். பிளேடு கீறலைப் பார்த்தது யார் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

படி 8: ஆறு பேர், மாதம் ஒரு கேஸ்

2003ல் நியூ மெக்ஸிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர், ஹெபடைடிஸ் சி நோயாளிகள் நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்து தன்னிடம் வருவதைப் பார்த்துவிட்டு, கிராமத்து மருத்துவர்களை வாரந்தோறும் வீடியோவில் கூட்டி அவர்களுடைய கேஸ்களைப் பேசவைத்தார். எக்கோ என்று அதற்குப் பெயர். நிம்ஹான்ஸும் அதே முறையில் கற்பிக்கிறது. நாங்கள் அதன் ஏழை வீட்டு வடிவத்தை நடத்துகிறோம்: இரண்டு மருத்துவர், ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பள்ளிக் கவுன்சலர், ஒரு கிராம சுகாதார செவிலியர், போனில் ஒரு மனநல மருத்துவர். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, 75 நிமிடம்.

ஐந்து நிமிடம் கேஸ் சொல்வது. பதினைந்து நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்க வேண்டும், யோசனை சொல்லக் கூடாது. இதுதான் ரொம்பக் கஷ்டம், மருத்துவர்களுக்கு வாய் அரிக்கும். அப்புறம் இருபது நிமிடம் யோசனைகள். இருபது நிமிடம் ஒத்திகை. மீதி நேரம் எம்ஹெச்கேப்பிலிருந்து ஒரு பக்கம் வாசித்து, அடுத்த மாதம் யார் கேஸ் என்று முடிவு செய்வது. போன மாதக் கேஸ் என்ன ஆயிற்று என்று ஒரு வரியாவது சொல்லிவிட்டுத்தான் புதிதைத் தொடங்க வேண்டும்.

பிள்ளையின் பெயர், ஊர், பள்ளி சொல்லக் கூடாது. சின்ன ஊரில் "ப்ளஸ் ஒன், அப்பா ஜீப் டிரைவர், ஒரே பொண்ணு" என்றாலே ஆள் தெரிந்துவிடும். அதனால் இரண்டு விவரத்தை மாற்றிச் சொல்வோம். வாட்ஸ்அப் குரூப்பில் கூட்டத் தேதி மட்டும் போடலாம். கேஸ் ஷீட் படம் போட்டால் குரூப்பிலிருந்து நீக்கம், ஒருமுறை நீக்கியும் இருக்கிறோம்.

நாம் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையை இழப்பதும் நடக்கும். அந்த மாதம் கேஸ் கிடையாது. பார்த்தவர் பேசுவார், பேசாமலும் இருக்கலாம். யாரும் "நீங்க அப்பவே..." என்று தொடங்கக் கூடாது என்பது மட்டும் விதி.

படி 9: இரு மாநிலத்துக்கும் ஒரு தாள்

கம்பத்திலிருந்து தேனிக்கே 40 கிலோமீட்டர். தேனி அரசு மருத்துவக் கல்லூரி அதையும் தாண்டி க.விலக்கில். கட்டப்பனையிலிருந்து இறங்கி வந்த குடும்பத்துக்கு இடுக்கி, கோட்டயம் மருத்துவக் கல்லூரிகள் வசதியா, தேனி வசதியா என்பது காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தது, எந்த ஊரில் தங்க உறவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஒரே தாளில் இவை இருக்கட்டும்: 2022 அக்டோபர் 10ல் தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் நட்புடன் உங்களோடு என்ற பெயரிலும் நடக்கிறது, கேரளத்திலும் அதே எண்தான், குழந்தைகள் உதவி 1098, சுகாதார உதவிக்குத் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் திஷா 1056, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை எந்த மருத்துவமனைக்கு வருகிறார், பக்கத்தில் வளரிளம் பருவ கிளினிக் எங்கே, எந்த நேரம். ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்களே ஒருமுறை போன் செய்து பாருங்கள். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு கொடுத்தால் பிள்ளையிடம் அதைச் சொல்லி அனுப்பலாம்.

ரெஃபரல் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்க் கையெழுத்து ஓடாது. ஆனால் பிள்ளை சொன்ன முக்கியமான வாக்கியத்தை மட்டும் அது சொன்ன மொழியிலேயே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். "விஷமம்" என்ற சொல்லை எந்த மொழிபெயர்ப்பும் தாங்காது.

படி 10: ஆறு மாதம் கழித்து அதே நோட்டு

படி 1ல் செய்ததை அப்படியே திரும்பச் செய்யுங்கள். கடைசிப் பத்துப் பிள்ளைகள், அதே ஆறு கட்டம். சிஎம்இ முடிவில் நிரப்பச் சொல்லும் கருத்துப் படிவத்தில் எல்லோரும் மிக நன்று என்று டிக் அடித்துவிட்டுக் கிளம்புவோம். நோட்டிடம் அப்படி டிக் அடித்துத் தப்பிக்க முடியாது.

என் நோட்டில் மூன்றாவது கட்டம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. ஐந்தாவதில் இன்னும் இடைவெளி உண்டு, கூட்டம் அதிகமான நாட்களில். ஏழாவதாக ஒரு கட்டத்தைக் கவுன்சலர் சேர்க்கச் சொன்னார்: அப்பாவிடம் பேசினோமா? சேர்த்தோம். ஆறு பேர் நோட்டிலும் அது வெறுமை. அப்பாக்கள் கிளினிக்குக்கு வருவதில்லை. சாயங்காலம் ஜீப்புகள் வந்து நிற்கிற இடத்துக்கு நாங்களே போய்ப் பார்க்கலாமா என்பதுதான் அடுத்த மாதக் கூட்டத்தில் பேச வேண்டியது. ஸ்டாஃப் நர்ஸ் அங்கே ஒரு டீக்கடையைப் பார்த்து வைத்திருக்கிறார்.